கடல்மேல் ஆறு கிழமை

பனிக்காலத்தைக் கழிப்பதற்கு வெப்பத்தீவுகளை நாடிச் செல்வோர் மேல்நாடுகளிற் பலர் உளர். அவருட் சிலர் விடுதிகளை நாடுவதில்லை. தமக்குச் சொந்தமான சிறு பாய்ப்படகையே வீடாக்கிக்கொண்டு தீவுக்குத் தீவு செல்வர். என் தமக்கையின் கணவரும் அவர்களுள் ஒருவர்.

2023 மார்கழிக் கடைசியில் விடுப்புப் பெற்று நான் அவரிடம் சென்றது உல்லாசத்துக்காக அன்று. தூது செல்லும் பொருட்டேயாம். அக்கா இறந்து அப்போது 3 ஆண்டுகள் ஆகியிருந்தன. 66 வயதில் அத்தான் தனியராய்க் கடலில் உலவுவதை ரொறன்ரோவிலுள்ள பிள்ளைகள் விரும்பவில்லை. “மாமா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். எப்படியாவது படகை விற்கச் சொல்லுங்கள்” என்று மருமகள் தொலைபேசியில் அழுதாள். பயணச் சீட்டை அனுப்பியவளும் அவளே.

அத்தான் பஹாமாஸ் நாட்டின் தலைநகராகிய நாசோவில் என்னை ஏற்றிக்கொண்டார். 36 அடி நீளப் படகு அது. அந்நாட்டில் ஏறத்தாழ 700 தீவுகள் உண்டு. மக்கள் வாழ்வன 30 அளவே. ஆனி முதல் கார்த்திகை வரை சூறாவளிக் காலமாதலால், மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையிலேயே இத்தகைய படகுகள் அங்கே மிகுதியாய்த் திரிகின்றன. நாங்கள் சென்றது எக்சுமாத் தீவுக்கூட்டத்துக்கு. மாலைபோல் நீண்டு கிடக்கும் அத்தீவுகளின் கிழக்கே ஆழ்கடல். மேற்கே ஓரிரு ஆள் ஆழமே கொண்ட வெண்மணற்கடல்.

முதல் நாட் காலையில் ஒரு தவறு செய்தேன். வீட்டுக் கிணற்றடியை நினைத்துக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கினேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை. ஒரு கொப்பியை எடுத்து என்முன் வைத்தார். படகின் தாங்கியிலுள்ள நீர் 300 லீற்றர். நாள்தோறும் செலவான நீர் அதில் எழுதப்பட்டிருந்தது. முன்பக்கங்கள் முழுவதும் அக்காவின் கையெழுத்து. ‘தண்ணீர்க் கணக்கு’ என்று தலைப்பிட்டு, கோடு கீறி, அழகாக எழுதியிருந்தாள். நடுவிலே ஒரு பக்கம் வெறுமையாய் இருந்தது. அதன் பின்பு அத்தானின் கையெழுத்து. அன்றிலிருந்து நான் குழாயைத் திறந்துவிடவில்லை.

அத்தீவுகளும் நம் குடாநாட்டைப்போலச் சுண்ணாம்புக்கல் நிலமே. ஆறு இல்லை, மழைநீர் கல்லினூடாக இறங்கி உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. ஆகவே நன்னீரின் அருமையை அங்குள்ளோர் அறிவர். பாத்திரங்களைக் கடல்நீரிற் கழுவி, இறுதியில் ஒரு குவளை நன்னீரால் அலம்பினோம். குளிப்பும் அவ்வாறே.

கடல்வாழ்வு ஓய்வு வாழ்வு என்று எண்ணியிருந்தேன். அது பிழை. விடியுமுன் எழுந்து காற்றின் நிலையை அறிதல் வேண்டும். படகின் அடியில் நீர் புகுந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். சூரிய மின்தகடுகளின் உப்பைத் துடைத்தல் வேண்டும். சூரியன் உயர்ந்த பின்னரே பயணம். ஏனெனில் அங்கே கடலின் நிறமே வழிகாட்டி. கருநீலம் ஆழம், இளம்பச்சை ஆழமின்மை, வெண்மை மணல்திட்டு, கபிலம் பாறை அல்லது பாசி. முன்னணியத்தில் நின்று நிறத்தைப் பார்த்துக் கூவுவது என் பணியாயிற்று. 20 ஆண்டுகளாக வகுப்பிலே கூவிப் பழகிய குரல் அங்கும் பயன்பட்டது.

அத்தான் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தியைக் கேட்டே வளர்ந்தவர். அந்நியக் கடலிலும் காற்றுகளை அவர் ஊர்ப் பெயராலேயே அழைத்தார். நாள்தோறும் வீசுவது கொண்டல். தீவுகளின் மேற்குப் புறத்தில் நங்கூரமிட்டால் கொண்டலுக்கு மறைவு. ஆனால் வடக்கிலிருந்து குளிர்க்காற்று இறங்கும்போது, காற்று சோளகமாகித் திரும்பி, கச்சானாகிப் பின் வாடையாகும். அப்போது மறைவாயிருந்த இடமே ஆபத்தாகிவிடும்.

பொழுதுபடும் வேளையில் ஒரு புதுமை கண்டேன். நங்கூரமிட்டிருந்த படகுகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கொலி எழுந்தது. அஸ்தமனத்தில் சங்கூதுவது அங்கே படகோட்டிகளின் வழக்கமாம். சங்கின் தசை அந்நாட்டு மக்களின் விருப்பமான உணவு. சைவ உணவினனாகிய எனக்கு உண்பது இயலவில்லை. அவ்வொலி மட்டும் மாலைப் பூசையை நினைவூட்டியது. அக்கா ஊதிய சங்கு படகில் இருந்தது. அதை அத்தான் ஊதவில்லை, துடைத்து வைத்தார்.

தை மாத நடுவில் ஓர் இரவு, விடியற்காலையில் வரும் என எதிர்பார்த்த காற்று இரண்டு மணிக்கே வந்துவிட்டது. கச்சான் சீறியது, நங்கூரம் மணலில் இழுபட்டது. நான் இயந்திரத்தை மெல்ல முன்னோக்கிச் செலுத்த, அத்தான் முன்னணியத்தில் மழையில் மண்டியிட்டுச் சங்கிலியை மீட்டார். பின்னால் பாறையில் அலை மோதும் ஒலி கேட்டது. நாற்பது நிமிடத்தின் பின் நங்கூரம் மீண்டும் பிடித்தது. உள்ளே வந்து அமர்ந்த அவருடைய கைகள் நடுங்கின. “தம்பி, நீர் இல்லாவிட்டால்...” என்றவர் முடிக்கவில்லை.

என் தூதை அப்போதே சொல்லி வென்றிருக்கலாம். மனம் வரவில்லை. மறுநாள் சொன்னேன். அவர் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்தார். பின்பு, “பிள்ளைகள் சொல்வது சரிதான். ஆனால் ரொறன்ரோ வீட்டில் யன்னலோடு இருந்தால் எனக்கு விடிவதும் தெரியாது, பொழுதுபடுவதும் தெரியாது. இங்கே எழும்பினால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது, தம்பி” என்றார்.

தூதன் அனுப்பியோர் சொல்லை மட்டுமன்றி, கண்டதையும் சொல்ல வேண்டியவன் அன்றோ? மருமகளுக்கு எழுதினேன்: “படகு ஆபத்தானது என்பது மெய். அப்பாவை அது உயிரோடு வைத்திருக்கிறது என்பதும் மெய். விற்கச் சொல்ல என்னால் இயலாது; தனியே விடவும் இயலாது. உங்களில் ஒருவர் வந்து கூட இருங்கள்.” துணையின்றிப் புறப்படுவதில்லை என்று அத்தானிடமும் வாக்குப் பெற்றேன்.

மகளுக்குச் சினம் தணியச் சில மாதங்கள் சென்றன. மகன் மட்டும் வேலையில் விடுப்புப் பெற்று 2025 தையில் மூன்று கிழமை தந்தையோடு இருந்தான். அங்கிருந்து ஒரு படம் அனுப்பினான். அந்தக் கொப்பியின் பக்கம் அது. கனடாவிற் பிறந்து வளர்ந்தவனாகையால் ‘தன்னீர்’ என்று பிழையாக எழுதி, எதிரே ‘18’ என்று குறித்திருந்தான்.

பிழை கண்டால் சிவப்பு மையை எடுப்பவன் நான். அன்று ஒன்றும் எழுதவில்லை. படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.