மவ்ம்லூ குகைக்குள்ளே

பிப்ரவரி 7, வெள்ளி. சோரா

நண்பர்களோடு ஷில்லாங்கிலிருந்து கிளம்பி சோரா வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. சிரபுஞ்சி என்று பாடப் புத்தகத்தில் படித்த மேகாலய ஊர் இதுதான். 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை இங்கே பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். பன்னிரண்டு மாதத்தில் உலகில் வேறெங்கும் இவ்வளவு பதிவானதில்லை. ஆனால் தங்கியிருக்கும் வீட்டம்மா, "தண்ணீரைப் பார்த்துச் செலவு பண்ணுங்க" என்றார். மழை முக்கால்வாசி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெய்ததெல்லாம் பாறையிடுக்கிலும் பள்ளத்தாக்கிலும் இறங்கி வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. தை மாதத்தில் இங்கேயும் பெண்கள் குடம் தூக்குகிறார்கள்.

நான் அரியலூர்க்காரன். சுண்ணாம்புக்கல் எனக்குப் புதிதல்ல. சுரங்கத்து வெடிச்சத்தம், தார்ப்பாய் போட்ட லாரிகள், வேப்பிலையில் படிந்த வெள்ளைத் தூசி, இதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். ஆனால் சுண்ணாம்புக்கல் குகை ஒன்றுக்குள் இதுவரை கால் வைத்ததில்லை.

பிப்ரவரி 8, சனி. மவ்ம்லூ

காலையில் வழிகாட்டி வந்தார். எங்களைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் இங்கத்திய வழக்கப்படி எல்லோரும் அவரை 'பாஹ்' என்றே கூப்பிட்டோம். நம்மூர் அண்ணன் மாதிரி. தலைக்கவசம், முழங்கால் பட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஆளுக்கு மூன்று விளக்கு இருந்தே ஆகவேண்டும் என்றார். ஒன்று அணைந்தால் இன்னொன்று, அதுவும் போனால் வெளியே வருவதற்கு மூன்றாவது.

போகும் வழியில் ஒரு சிமென்ட் ஆலை. கூட வந்தவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்குத்தான் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

குகை வாயிலில் பெரிய பெரிய பாறைகள் சரிந்து கிடக்கின்றன. உட்கார்ந்து, வழுக்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கவேண்டும். கொஞ்ச தூரத்தில் வெளிச்சம் நின்றுபோகிறது. பிறகு ஓடைதான் பாதை. முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், ஓரிடத்தில் இடுப்புக்கு மேல். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வொரு அடியும் கனத்தது. கூரை தாழ்ந்த இடங்களில் தவழ்ந்தோம். தலைக்கவசம் பாறையில் உரசுகிற சத்தம் கபாலத்துக்குள்ளேயே கேட்டது. எங்களில் உயரமான நண்பர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். மூச்சு இறைத்தது. பாஹ் அவசரப்படுத்தவில்லை. அவர் பக்கத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்து, "இந்த இடுக்கு பத்தடிதான், அதுக்கப்புறம் நிமிர்ந்து நிற்கலாம்" என்றார். சொன்ன மாதிரியே அந்தப் பக்கம் கூரை உயர்ந்து ஒரு கூடம் திறந்தது.

அந்தக் கூடத்தில் பார்த்ததை அப்படியே எழுதி வைக்கவேண்டும். கூரையிலிருந்து கல்விழுதுகள், தரையிலிருந்து கல்முளைகள். விரல் தடிமனில் சில, ஆள் உயரத்தில் சில. பென்சிலைவிட மெல்லியதாக, உள்ளே துளையுள்ள குழல்களும் தொங்கின. ஒரு குழலின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. விளக்கை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். சொட்டுக்குள் எங்கள் விளக்குகள் தலைகீழாகத் தெரிந்தன. அது பெரிதாகி, கழுத்து மெலிந்து, விழுந்தது. அடுத்த சொட்டு ஊற வெகுநேரம் பிடித்தது.

நிலவியல் படித்த தோழி அங்கேதான் விளக்கினாள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கும்போது கல்லைக் கரைத்துக்கொண்டே வருகிறது. குகைக்குள் வந்ததும் அந்த வாயு நீரைவிட்டு வெளியேறிவிடும். கரைந்த சுண்ணாம்பு கால்சைட்டாகப் படியும். கல்முளை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே அதிகம்.

நான் கையை நீட்டினேன்.

"தொடாதே டா. கையில இருக்கிற எண்ணெய்ப் பசை ஒட்டிக்கிட்டா அந்த இடத்துல அப்புறம் சுண்ணாம்பு படியாது" என்றாள்.

அவள் சொன்னதற்குச் சாட்சி மாதிரி, கொஞ்சம் தள்ளி முறிந்துபோன கல்முளை ஒன்றின் அடிக்கட்டை நின்றது. யாரோ உடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வெட்டுவாயில் பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலகலத்துக்குள் எத்தனையோ தலைமுறைகளின் மழை இருந்தது.

இப்படிப்பட்ட வளையங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இதே குகையில் எடுத்த கல்முளை ஒன்றை ஆய்வகத்தில் அறுத்து, யுரேனியம், தோரியம் அளவுகளைக் கொண்டு அடுக்குகளின் வயதைக் கணக்கிட்டார்கள். பருவமழை வலுத்த காலத்து அடுக்கில் கனமான ஆக்ஸிஜன் குறைவாகவும், பொய்த்த காலத்து அடுக்கில் கூடுதலாகவும் இருக்கும். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை கடுமையாக நலிந்ததை அந்தக் கல் காட்டியது. அதை எல்லைக்குறியாக வைத்து, அன்றிலிருந்து இன்றுவரையிலான காலத்துக்கு 'மேகாலயன்' என்று 2018இல் சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியம் பெயரிட்டது. மேகாலயன் அடங்கிய ஹோலோசீன் காலத்தின் மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் எல்லை குறித்தது கிரீன்லாந்தின் பனிக்கட்டி. மூன்றாவதற்கு மட்டும் இந்த மலையின் கல். ஹரப்பா நகரங்கள் நொடிந்ததற்கும் இந்த வறட்சிக்கும் தொடர்புண்டா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அது எப்படி முடிந்தாலும், நாம் வாழும் நிலவியல் காலத்துக்குப் பெயர் வந்த இடத்தில் ஈரத் துணியோடு நின்றேன் என்ற நினைப்பு போதும் எனக்கு.

திரும்பும்போது பாஹ் சுவரைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே, பாறை இடுக்கில் மரக்கிளையும் சருகும் சிக்கியிருந்தன. ஜூலையில் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தில் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியது இப்படிப்பட்ட மழைவெள்ளத்தில்தான். அதுவும் சுண்ணாம்புக்கல் குகை. கடைசி ஆளை வெளியே கொண்டுவந்தது ஜூலை 10இல். மழைக்காலத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் யாரையும் அழைத்துப் போவதில்லை என்று பாஹ் உறுதியாகச் சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு. சோரா

உடம்பெல்லாம் வலி. கடைகள் மூடியிருக்கின்றன. ஊரே தேவாலயத்தில்.

மதியம் பாஹ் வீட்டுக்கு அழைத்திருந்தார். உட்கார்ந்ததும் அவருடைய அம்மா க்வாய் கொடுத்தார். பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. விருந்தினருக்கு முதல் மரியாதை இதுதானாம். நம்மூர்த் தாம்பூலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பாக்குதான் பச்சை, கடித்ததும் காது சூடாகிறது. சுண்ணாம்பும் இந்த மலையின் கல்லைச் சுட்டு எடுத்ததுதான் என்றார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே இந்தக் காசி மலையின் சுண்ணாம்பு சில்ஹெட் வழியாகப் படகில் வங்காளத்துக்குப் போனது. ராபர்ட் லிண்ட்சே என்ற கம்பெனி அதிகாரி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தார். கல்லெடுப்பது இங்கே புதிதல்ல, தவறும் அல்ல. அரியலூரில் எங்கள் வீடே அந்தக் கல்லில் வந்த சம்பளத்தில் கட்டியதுதான். ஆனால் இந்த மாநிலத்தில் குகை ஆர்வலர்கள் 1990களிலிருந்து ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தவழ்ந்து தவழ்ந்து அளந்து, நானூறு கிலோமீட்டருக்கு மேல் வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஜெயந்தியா மலையில் க்ரெம் லியாட் ப்ரா குகை மட்டும் 30 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அளக்காமல் விட்டது இன்னும் எவ்வளவோ. அளக்காத மலையில் வெடி வைத்தால் எதை இழந்தோம் என்பதுகூடத் தெரியாமல் போகும். சுரங்க அனுமதிக்கு முன்னால் குகை அளவீடு கட்டாயம் என்று சட்டம் வரவேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு. அரியலூர்

படங்களைப் பார்த்துவிட்டு, நாங்களும் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதி அனுப்புகிறேன். அவசியம் போங்கள். நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போங்கள். மவ்ம்லூவுக்கு உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உள்ளே எதையும் தொடாதீர்கள், எதையும் உடைத்து எடுத்து வராதீர்கள். சுவரில் பெயர் எழுதாதீர்கள். தவழ முடியாத பெரியவர்கள் பக்கத்திலுள்ள மவ்ஸ்மாய் குகையைப் பார்க்கலாம், அங்கே விளக்குகள் போட்டிருக்கிறார்கள்.