உப்பில்லாத கடலில் ஒரு மோட்டார் தாங்கி

முதலில் ஏமாந்தது மூக்குதான். அடிவானம் வரைக்கும் நீர், கரையில் அலை, தலைக்கு மேலே கடற்காகங்கள். தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு அந்த உப்பு வாடை மட்டும் வரவே இல்லை. குனிந்து ஒரு கை அள்ளி நாவில் வைத்தேன். நல்ல தண்ணீர்! அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், டோர் கவுண்டி என்னும் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே மிச்சிகன் ஏரி. பரப்பளவு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. சிகாகோவும் மில்வாக்கியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

என் அக்காள் மகன் அங்கே ஸ்டர்ஜன் பே என்ற ஊரில் இருக்கிறான். கப்பல் கட்டும் ஊர் அது. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பங்கு போட்டு, 23 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தான். நான் போய்ச் சேர்ந்த இரவே சொல்லிவிட்டான்: "மாமா, இந்த வாரம் ஊர் சுற்ற முடியாது. படகுக்குப் புது மோட்டாரும் பிராக்கெட்டும் மாட்டணும்." ஊர் சுற்றுவதைவிட எனக்கு அதில்தான் ஆசை.

நம் ஊர் ஃபைபர் படகுகளில் அவுட்போர்டு மோட்டாரை நேராகப் பின்பலகையிலேயே மாட்டுவதைத்தான் பார்த்திருக்கிறேன். பாய்மரப் படகின் பின்பலகையோ உயரமானது. அதன் விளிம்பில் மாட்டினால் மோட்டாரின் கால் தண்ணீரைச் சரியாக எட்டாது. பாய் விரித்து ஓடும்போது அந்தக் கால் தண்ணீரில் கிடந்து இழுக்கவும் கூடாது. ஆகவே ஏறி இறங்கும் ஒரு தாங்கி வேண்டும். இரண்டு பக்கமும் இணையான இரட்டைக் கைகள், நடுவில் வலுவான ஸ்பிரிங்குகள், முனையில் மோட்டாரைக் கவ்வ ஒரு பலகை. கைகள் இணையாக இருப்பதால் மோட்டார் சாயாமல் நிமிர்ந்தபடியே மேலும் கீழும் போய்வரும். ஸ்பிரிங் பாதிப் பாரத்தைத் தான் சுமந்துகொள்ளும். இவ்வளவு எளிய ஒன்று இவ்வளவு அழகாக வேலை செய்வதை அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

முந்தைய சொந்தக்காரர் மாட்டியிருந்தது குட்டைக் கால் மோட்டார், 15 அங்குலம். இந்த ஏரியின் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வருபவை. படகு மூக்குக் குத்தும்போதெல்லாம் பின்புறம் தூக்கி, மோட்டாரின் விசிறி காற்றில் சுழன்று அலறுமாம். குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளையும் அந்தக் காலில்தான் இருக்கிறது. அது வெளியே வந்தால் எஞ்சின் சூடேறும். அந்தத் தீபகற்பத்தின் நுனியில் உள்ள நீரிணைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'மரண வாசல்'. கவுண்டியின் பெயரே அந்த வாசலிலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட நீரில் மோட்டார் கைவிட்டால் விளையாட்டில்லை.

மறுநாள் காலை, படகு துறையில் மிதந்துகொண்டிருந்தபோதே பெரியவர் அளவு நாடாவோடு வந்தார். படகு கரையில் இருக்கும்போது எடுக்கும் அளவை நம்பக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. முதலில் மூவரும் பின்னால் உட்கார்ந்தோம், அளந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் முன்னால் போய், பாயை இறக்குகிற மாதிரி நில்லுங்கள்" என்றார். அணியத்தில் போய் நின்றேன். பின்பலகை கண் முன்னே மூன்று விரற்கடை எழுந்தது. அந்த மூன்று விரற்கடைதான் கணக்கு. துறைக்குள் நுழையும்போது யாராவது முன்னால் போய்த்தான் பாயை இறக்கவோ கயிறு வீசவோ வேண்டும். மோட்டார் மிகவும் தேவைப்படும் அந்த நிமிடத்தில்தான் விசிறி மேலே வரும்.

சிறிய மோட்டார்களுக்குக் கால் நீளத்தில் 15, 20, 25 அங்குலம் என மூன்று வகை உண்டு. அவர்கள் 25 அங்குலக் காலைத் தேர்ந்தார்கள். ஆறு குதிரைத்திறன், ஃபோர்-ஸ்ட்ரோக். எடை 27 கிலோ அளவில். பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டாரைவிடப் பாரம் கூடியது. அதனால் பழைய தாங்கி உதவாது. தாங்கியை வாங்கும்போது அது எவ்வளவு எடை தாங்கும், எத்தனை குதிரைத்திறனைத் தாங்கும் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வலுக்குறைந்ததாக இருந்தால் மோட்டாரை மேலே தூக்க முடியாது. மோட்டார் இலேசாகவும் ஸ்பிரிங் முரடாகவும் இருந்தால் கீழே அமுக்க முடியாது.

படகை டிரெய்லரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து பழைய தாங்கியைக் கழற்றியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. போல்ட் துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஈரமான மரத்தூள் வந்தது. ஃபைபர் தோல் இரண்டுக்கும் நடுவில் இருந்த பிளைவுட் உளுத்திருந்தது. யாரோ எப்போதோ அவசரமாகப் பூசிய பசை விட்டுப்போய், சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியிருக்கிறது. எங்கள் ஊரென்றால் மரம் அழுகும், அதோடு சரி. இங்கே குளிர்காலத்தில் ஊரை ஒட்டிய விரிகுடாவே உறைந்து, மனிதர்கள் பனிக்கட்டிமேல் நின்று துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். மரத்துக்குள் இறங்கிய நீரும் உறையும். உறைந்தால் விரியும். விரிந்தால் ஃபைபர் தோலை மரத்திலிருந்து பிரித்துவிடும். ஒரு போல்ட் துளைக்குள் புகுந்த பனிக்காலம் ஒரு படகையே கெடுத்துவிடும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

நல்ல வேளையாக அழுகல் பரவவில்லை. கெட்ட மரத்தைச் சுரண்டி எடுத்துக் காயவைத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் நிரப்பினார்கள். அது கல்லாக இறுகிய பிறகே புதுத் துளைகள். அப்படியென்றால் போல்ட் எபாக்சியை மட்டுமே தொடும், மரத்தைத் தொடாது. சுக்கானை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது விசிறியில் இடிக்காத தூரம் பார்த்தார்கள். மோட்டாரைத் தூக்கும் பிடி உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டுகிறதா என்றும் பார்த்தார்கள். உள்பக்கம் அகலமான உலோகத் தகடு வைத்து ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை முறுக்கினார்கள். மேல் போல்ட்டுகளுக்கு மருமகன் தனிக் கவனம் எடுத்துக்கொண்டான். காரணம் கேட்டேன். "மோட்டார் பின்னால தொங்குது மாமா. அதோட பாரம் தாங்கியோட மேல்பக்கத்தை வெளியே இழுக்கும். விசிறி முன்னோக்கித் தள்ளும்போதும் அதே மேல்பக்கம்தான் பிடுங்கிக்கிட்டு வரப் பார்க்கும்" என்றான். துளையின் வாயைச் சற்றே அகட்டி, அங்கே பசை வளையமாக உட்காரும்படி செய்தது பெரியவரின் கைவேலை.

பசை காயக் காத்திருந்த மாலையில் பெரியவர் ஓலே எவின்ரூட் கதையைச் சொன்னார். 1877இல் நார்வேயில் பிறந்து, இதே விஸ்கான்சினில் குடியேறியவர். காதலி கேட்ட ஐஸ்கிரீமுக்காக ஏரியில் துடுப்பு வலித்துப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிவிட, படகுக்கு மோட்டார் செய்யும் எண்ணம் வந்ததாம். கதை எப்படியிருந்தாலும், 1909இல் மில்வாக்கியில் அவர் விற்கத் தொடங்கிய மோட்டார் உண்மை. ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 28 கிலோ. எங்கள் முன்னே கிடந்த மோட்டார் கிட்டத்தட்ட அதே எடையில் நான்கு மடங்கு சக்தி தருகிறது. எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020இல் நின்றுபோனது. அதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தாழ்ந்தது.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் படகு மறுபடி நீரில் இறங்கியது. வடகாற்று, நல்ல அலை. என்னைத்தான் அணியத்துக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதத்திலும் முகத்தில் தெறித்த நீர் ஐஸாகக் குத்தியது. படகு மூக்கைக் குத்தி எழுந்தது, மறுபடி குத்தியது. மோட்டார் ஒருமுறைகூட அலறவில்லை. பின்னால் பின்பலகையின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்த மருமகன் கட்டைவிரலை உயர்த்தினான். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: துளை போடுவதற்கு முன் படகை நீரில் விட்டு, ஓர் ஆளை அணியத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள்.