கிருஷ்ணகிரிக் கோட்டையும் நம் வீட்டு அலமாரியும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியே செல்பவர்கள், கிருஷ்ணகிரியை நெருங்கும்போது மொட்டைப் பாறையாய் எழுந்து நிற்கும் ஒரு மலையைக் காணாமல் போக முடியாது. சையத் பாஷா மலை என மக்கள் அழைக்கும் அக்குன்றின் மீதுதான் கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கிறது. மாம்பழத்தால் பெயர் பெற்ற இவ்வூர் 2004-ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானது. இதன் கடைவீதியில் சற்று நேரம் நின்று பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் காதில் விழும்.

கோட்டையின் வீரவரலாறு பலரும் அறிந்ததே. 1791 நவம்பரில் ஆங்கிலப் படை அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. போரில் வீழாத அக்கோட்டை, 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் பாரமகால் பகுதியோடு சேர்ந்து கைமாறிப் போயிற்று. இதனைப் படித்திருக்கிறோம். ஆனால் இக்கோட்டைக்கு உரியவராய் இருந்த திப்பு சுல்தான் எத்தகைய வாசகர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

சுல்தானின் நூலகம்

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, அரண்மனையில் ஏறத்தாழ 2,000 அரபு, பாரசீக, உருது நூல்கள் இருந்தன. குர்ஆன் பிரதிகள், ஹதீஸ், ஃபிக்ஹு, சூஃபித்துவம், வரலாறு, கவிதை, மருத்துவம் எனப் பல துறைகளும் அவற்றில் அடங்கும். பல நூல்களுக்கு அங்கேயே புது அட்டை கட்டி, நடுவில் அல்லாஹ்வின் திருநாமத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரையும், நான்கு மூலைகளிலும் நான்கு கலீஃபாக்களின் பெயர்களையும் பொறித்திருந்தார்கள். சார்லஸ் ஸ்டுவர்ட் என்ற ஆங்கிலேயர் இவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதி 1809-இல் வெளியிட்டார்.

அந்நூல்களுள் பல, சாவனூர், கடப்பை, கர்நாடகம் ஆகிய இடங்களிலிருந்து வெற்றிப்பொருளாய் வந்தவை என்றும் அவர் குறித்திருக்கிறார். வெற்றியால் வந்த நூல்கள் தோல்வியால் கல்கத்தாவுக்கும் கடல் கடந்தும் போயின. சுல்தான் தம் கனவுகளைத் தம் கையாலேயே எழுதி வைத்த குறிப்பேடும் இன்று இலண்டனில்தான் இருக்கிறது.

தொரப்பள்ளியின் சிறுவன்

கிருஷ்ணகிரியிலிருந்து மேற்கே சென்றால் ஓசூரை அடுத்துத் தொரப்பள்ளி என்னும் சிற்றூர் வரும். 1878-இல் ராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவில்லமாய்ப் பேணப்படுகிறது. ஓசூரில் படித்த அச்சிறுவன், பின்னாளில் நாட்டின் தலைமை ஆளுநராய் உயர்ந்தார். கிரேக்கத்துச் சாக்ரடீசையும் உரோமாபுரியின் மார்க்கஸ் அரேலியசையும் தமிழருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. தாம் படித்து உள்ளம் தோய்ந்ததைத் தம் மக்களின் மொழியில் தருவதைக் கடமையாய்க் கருதிய வாசகர் அவர். திருக்குர்ஆனைத் தமிழில் மொழிபெயர்த்த அப்துல் ஹமீது பாகவி அவர்களின் உழைப்பும் இத்தகைய கடமையுணர்வில் பிறந்ததே.

இரண்டு அலமாரிகள்

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். இவ்வட்டாரத்தில் பல முஸ்லிம் குடும்பங்களுக்கு வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், ஓசூரின் தொழிற்சாலைகளில் வேலை தேடும்போது ஆங்கிலம். மூன்று மொழி பேசுவது பெருமைதான். ஆனால் தாதிமாவின் பெட்டியில் இருக்கும் உருது நூலைப் பேரன் எழுத்துக்கூட்டியும் படிக்க முடியவில்லை. பேரன் விரும்பிப் படிக்கும் தோப்பில் முஹம்மது மீரானைத் தாதிமா கேள்விப்பட்டதே இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு அலமாரிகள். இடையே கதவில்லாச் சுவர்!

மணமகளுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட 'பெஹிஷ்தி ஸேவர்' எத்தனை பெண்களுக்கு வழிகாட்டியிருக்கிறது! டெல்லியைச் சேர்ந்த நஸீர் அஹ்மது, தம் பெண்மக்கள் படிப்பதற்கென்றே எழுதிய 'மிர்ஆத்துல் உரூஸ்' 1869-இல் வெளிவந்து, உருதுவின் முதல் நாவல் எனப் பெயர் பெற்றது. ஒரு தந்தையின் அக்கறை ஓர் இலக்கியத்திற்கே வாசல் திறந்தது. அந்நூல் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதன் மதிப்பை உங்கள் மகளுக்கு யார் சொல்வது?

சகோதர சகோதரிகளே! வழி எளியது. வாரத்தில் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து விடுங்கள். "உங்களை மாற்றிய நூல் எது? மனம் கவர்ந்த எழுத்தாளர் யார்?" என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் கேளுங்கள். பெரியவர் உருதுவில் ஒரு பக்கம் படித்துப் பொருள் சொல்லட்டும். பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் படித்துக் காட்டட்டும். எழுத்தறியாத மூதாட்டி, தாம் காதால் கேட்டு மனத்தில் நிறுத்திய கதையைச் சொல்லட்டும், அதுவும் நூல்தான். கேட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

'இக்ரஃ', ஓதுவீராக என்ற கட்டளையோடு தொடங்கிய வேதத்தைப் பெற்ற சமுதாயம் நாம். திப்புவின் நூல்களுக்குப் பட்டியல் எழுத, அவரை வென்றவர்கள் இருந்தார்கள். நம் தாதிமாவின் நூல்களுக்குப் பட்டியல் எழுத நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? இவ்வாரமே தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்!