ஓர் எழுத்து

அறுபது வயதுக்கு மேல் ஒருவன் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளப் புறப்பட்டால், வீட்டிலுள்ளவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பரிதாபப்படுவார்கள். நான் கம்ப்யூட்டர் பாஷை கற்கத் தொடங்கியபோது இரண்டும் நடந்தன.

பேத்திதான் குரு. 'பைதான்' என்று அவள் சொன்னதும் மலைப்பாம்போ என்று பயந்தேன். பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். 1991-இல் அதை வெளியிட்ட கைடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர், 'மான்ட்டி பைதான்' என்ற ஆங்கில ஹாஸ்யத் தொடரின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்.

எளிய பாஷைதான். ஒரு ஃபைலைத் திறக்க 'ஓபன்' என்று சொன்னால் போதும். எதற்காகத் திறக்கிறோம் என்பதை ஓர் எழுத்தால் தெரிவிக்க வேண்டும். படிப்பதற்கு 'ஆர்', எழுதுவதற்கு 'டபிள்யூ'. ஒன்றும் சொல்லாவிட்டால், படிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அதற்குள் காபி வந்துவிட்டது. "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன், தாத்தா" என்று எழுந்து போய்விட்டாள்.

என் தாயார் எனக்கு எழுதிய 11 கடிதங்களை ஒரு ஃபைலில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. வேறு பிரதி இல்லை. அதைத்தான் 'ஆர்' போட்டுத் திறந்து முதல் பாடமாகப் படித்தேன். 'யுடிஎஃப்-8' என்ற முறையில் 'அம்மா' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 15 பைட் இடம் வேண்டுமாம். அம்மாவுக்கு அவ்வளவு இடமாவது கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் பேத்தி கல்லூரிக்குப் போயிருந்தாள். அம்மா இருந்தவரை அவள் கடிதங்களுக்கு நான் ஒழுங்காகப் பதில் போட்டதில்லை. இப்போது கடைசியில் ஒரு வரி சேர்க்கலாமே என்று தோன்றியது. சேர்ப்பதும் எழுதுவதுதானே? 'டபிள்யூ' போட்டுத் திறந்தேன். 'அம்மா, சௌக்கியமாக இருக்கிறேன்' என்று எழுதி மூடினேன். மறுபடியும் திறந்து படித்தபோது அந்த ஒரு வரிதான் இருந்தது.

மாலையில் பேத்தி வந்து பார்த்தாள், கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்க எழுதினதாலே அழியலை, தாத்தா. 'டபிள்யூ'ன்னு திறந்தீங்களே, அப்பவே பழசெல்லாம் போயிடுச்சு. கடைசியிலே சேர்க்கணும்னா 'ஏ' போடணும். 'எக்ஸ்' போட்டா, அந்தப் பேர்லே ஏற்கெனவே ஃபைல் இருந்தா தொடவே தொடாது."

யந்திரத்தின்மேல் குற்றமில்லை. எதற்காகத் திறக்கிறாய் என்று அது கேட்டது. நான்தான் தவறான பதிலைச் சொன்னேன். பதில் சொல்வதில் எனக்கு எப்போதுமே சாமர்த்தியம் போதாது.

அன்றிரவு 'ஏ' போட்டுத் திறந்து, நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன். விடிவதற்குள் 4 கடிதங்கள் ஒருவாறு திரும்பி வந்தன. மற்ற 7 கடிதங்கள் வரவேயில்லை.

அந்த ஒற்றை வரியை நான் அழிக்கவில்லை. ஆகவே என் ஃபைலில் இப்போது பதில் முதலில் இருக்கிறது. அம்மாவின் கடிதங்கள் அதற்குப் பின்னால் வருகின்றன.