விலையும் விளையாட்டும்: கோபன்ஹேகன் மேஜர் நாட்குறிப்பு, 2024

மார்ச் 17, ஞாயிறு

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பிஜிஎல் நிறுவனம் நடத்தும் மேஜர் இன்று தொடங்குகிறது. ஐவர் கொண்ட இரு அணிகள் துப்பாக்கிகளுடன் மோதும் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்னும் கணினி விளையாட்டில், அதை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் ஒப்புதலோடு நடைபெறும் உச்சநிலைப் போட்டிக்கு மேஜர் என்று பெயர். விளையாட்டின் இரண்டாம் பதிப்பு 2023 செப்டம்பரில் வெளியான பிறகு நடைபெறும் முதல் மேஜர் இது என்பதால், பழைய பதிப்பில் திரண்ட புள்ளிவிவரங்கள் இனியும் எந்த அளவுக்குச் செல்லும் என்ற ஐயம் பந்தயம் கட்டுவோருக்கும் அதை ஏற்கும் புக்கிகளுக்கும் பொதுவாகவே இருக்கிறது. ஆட்டம் நடக்கும் ஒவ்வோர் இடமும் களம் எனப்படும். முன்பு ஒரு களத்தை வெல்ல 16 சுற்றுகள் தேவைப்பட்டன; இப்போது 13 போதும். சுற்றுகள் குறையக் குறையத் தற்செயலின் பங்கு கூடுகிறது.

கலந்துகொள்ளும் அணிகள் 24. மொத்தப் பரிசுத்தொகை 12,50,000 டாலர். முதல் இரு கட்டங்களும் சுவிஸ் முறையில் நடைபெறுகின்றன: மூன்று வெற்றி கண்ட அணி முன்னேறும், மூன்று தோல்வி கண்ட அணி வெளியேறும். நான்கு மேஜர் பட்டங்களை வென்ற டென்மார்க் அணியான ஆஸ்ட்ராலிஸ், சொந்த ஊரில் நடக்கும் இப்போட்டிக்குத் தகுதி பெறவே இல்லை. பழைய பட்டங்களை நம்பி அணிகளை மதிப்பிட இயலாது என்பதற்குப் போட்டி தொடங்கும் முன்பே கிடைத்த சான்று அது.

மார்ச் 19, செவ்வாய்

பந்தயத்தின் அடிப்படை அலகு விகிதம். ஓர் அணிக்கு 1.40 என்றும் எதிரணிக்கு 2.90 என்றும் விகிதம் அறிவிக்கப்பட்டால், முதல் அணிமீது 100 டேனிஷ் குரோனர் கட்டியவர் வென்றால் 140 குரோனரும், இரண்டாம் அணிமீது கட்டியவர் வென்றால் 290 குரோனரும் பெறுவார். 1-ஐ விகிதத்தால் வகுத்தால் அந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் நிகழ்தகவு கிடைக்கும். முதல் அணிக்கு அது 71.4 விழுக்காடு, இரண்டாம் அணிக்கு 34.5 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் 100 வரவேண்டிய இடத்தில் 105.9 வருகிறது. மிகுதியான 5.9 தான் புக்கியின் இலாப விளிம்பு. அதாவது இரு பக்கமும் விகிதத்துக்கு ஏற்பப் பணம் சேர்ந்தால், எந்த அணி வென்றாலும் சேர்ந்த ஒவ்வொரு 100 குரோனரிலும் ஐந்தரைக்குச் சற்றுக் கூடுதலான தொகை புக்கியிடமே தங்கிவிடும்.

ஒரே சீட்டில் பல ஆட்டங்களை இணைத்து, எல்லாம் சரியாக அமைந்தால் பெருந்தொகை தரும் தொடர்பந்தயம் புதியவர்களை மிகுதியாக ஈர்க்கிறது. இதே விளிம்புள்ள நான்கு ஆட்டங்களை இணைத்தால் விளிம்புகளும் ஒன்றோடொன்று பெருகுவதால், சராசரியாகத் திரும்பக் கிடைப்பது 100-க்கு 80-ஐக்கூட எட்டுவதில்லை. சீட்டில் அச்சாகும் பெருந்தொகை கண்ணில் படும் அளவுக்கு இந்தக் கழிவு கண்ணில் படுவதில்லை.

மார்ச் 21, வியாழன்

இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இதில் பெரும்பாலான ஆட்டங்கள் ஒரே களத்தில் முடிவாகின்றன. ஓர் அணியின் முன்னேற்றத்தையோ வெளியேற்றத்தையோ தீர்மானிக்கும் ஆட்டங்கள் மட்டும் மூன்று களங்களில் நடைபெறுகின்றன. ஒரு களத்தை வெல்ல 70 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு, மூன்றில் இரண்டை வெல்லும் வாய்ப்பு 78.4 விழுக்காடாக உயர்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே கள ஆட்டங்களில் வலிய அணிகள் அடிக்கடி சறுக்குவது வியப்பளிக்காது.

களத் தேர்வும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. மிராஜ், இன்ஃபெர்னோ, ஏன்ஷியண்ட், நியூக், அனுபிஸ், ஓவர்பாஸ், வெர்டிகோ ஆகிய ஏழு களங்களிலிருந்து, மூன்று கள ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் ஒன்றை நீக்கி, ஒன்றைத் தேர்ந்து, பின்னர் மேலும் ஒன்றை நீக்க, எஞ்சுவது முடிவுக் களமாகிறது. எந்த அணி எந்தக் களத்தைத் தவிர்க்கும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய இரசிகர் அந்த அறிவைத் தம் தனிச்சொத்தாகக் கருதுகிறார். ஆயினும் அதே பதிவுகள் புக்கியின் கணிப்பு முறைக்கும் கிடைக்கின்றன. அவை விகிதத்துக்குள் முன்னரே கலந்தும் விடுகின்றன. ஆட்டத்தை அறிவது ஒன்று, அறிவிக்கப்பட்ட விலை தவறானது என்று அறிவது மற்றொன்று. பந்தயத்தில் பயன் தரக்கூடியது இரண்டாவது மட்டுமே.

மார்ச் 24, ஞாயிறு

எட்டு அணிகள் எஞ்சியுள்ளன. உலகின் பார்வை அவற்றின்மீது இருக்க, பந்தயத்தின் கேடு மிகுதியாக விளையும் இடமோ வேறு. மேஜரில் ஆடுவோருக்குச் சம்பளமும் புகழும் உண்டு. விளையாட்டில் விற்கப்படும் அணி ஒட்டிகளின் வருவாயில் பாதியும் வீரர்களுக்கும் அணிகளுக்கும் பகிரப்படுகிறது. இரண்டாம், மூன்றாம் நிலைத் தொடர்களில் ஆடுவோருக்குக் கிடைக்கும் பரிசு மிகச் சிறிது. ஆனால் அவ்வாட்டங்கள்மீதும் பந்தயச் சந்தை திறந்தே இருக்கிறது. வென்று ஈட்டுவதைவிடத் தோற்று ஈட்டுவது எளிதாகும் அந்த இடைவெளியில்தான் மேட்ச் ஃபிக்சிங் வேர்விடுகிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை 2019 ஆகஸ்டில் கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டங்களைத் தோற்று அவற்றின்மீது பந்தயம் கட்டியதான ஐயத்தில் ஆறு பேரைக் கைது செய்தது. மின்விளையாட்டின் நேர்மையைக் கண்காணிக்க 2016-இல் நிறுவப்பட்ட ஈசிக் என்னும் ஆணையம், 2021 ஜனவரியில், அதே நாட்டின் இரண்டாம் நிலைத் தொடரோடு தொடர்புடைய 35 பேருக்குப் பந்தய விதிமீறலுக்காகத் தடை விதித்தது. ஆட்டம் முழுவதையும் தோற்க வேண்டிய தேவைகூட இல்லை. ஒவ்வொரு பாதியின் முதற் சுற்றிலும் வீரர்கள் கைத்துப்பாக்கியோடு மட்டுமே ஆடுவதால் அது கைத்துப்பாக்கிச் சுற்று எனப்படுகிறது, அதை மட்டும் விட்டுக்கொடுத்து மற்றவற்றை நேர்மையாக ஆடினாலும் அந்தச் சுற்றின்மீதான தனிப்பந்தயத்தில் பணம் கைமாறிவிடும்.

மார்ச் 26, செவ்வாய்

ஆட்டமில்லாத நாட்கள். இவ்விளையாட்டின் பந்தய வரலாறு ஸ்கின் என்னும் அலங்காரப் பொருளோடு பிணைந்தது. துப்பாக்கிக்கு வண்ணமும் வடிவமும் தரும் இப்பொருட்களை வால்வ் 2013 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. ஆட்டத்திறனுக்கு அவற்றால் யாதொரு பயனும் இல்லை, எனினும் அரியவற்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர்களை எட்டியது. வால்வின் விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீமில் கைமாற்றக்கூடியனவாகவும், வெளிச்சந்தையில் பணமாக்கக்கூடியனவாகவும் இருந்ததால், அவை சூதாட்டக் காய்களாக மாற நெடுநாள் ஆகவில்லை. வங்கிக் கணக்கோ வயதுச் சான்றோ கேட்காத தளங்களில் பள்ளி மாணவரும் அவற்றை வைத்துப் பந்தயம் கட்ட முடிந்தது.

2014 ஆகஸ்டில் ஐபைபவர் என்னும் அமெரிக்க அணி, தன்னைவிட மெலிந்ததாகக் கருதப்பட்ட நெட்கோட்கைட்ஸ் அணியிடம் 16-4 என்று தோற்றது. அத்தோல்வி முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டது என்றும், அதன்மீது வென்ற விலையுயர்ந்த ஸ்கின்கள் இடையாட்கள் வழியே வீரர்களைச் சென்றடைந்தன என்றும் தெரியவந்ததை அடுத்து, 2015 ஜனவரியில் ஏழு பேரைத் தன் ஆதரவு பெற்ற போட்டிகளிலிருந்து வால்வ் விலக்கியது. பொருள் பரிமாற்றப் பதிவுகள் நிறுவனத்தின் கையிலேயே இருந்தமையால் குற்றத்தின் தடம் புலப்பட்டது. பணத்தால் கட்டப்பட்டிருந்தால் அதே தடம் பல நாடுகளின் வங்கிகளுக்கிடையே சிதறிப் போயிருக்கும். 2016 ஜூலையில் ஸ்கின் சூதாட்டத் தளங்கள் 23-க்கு, ஸ்டீம் கணக்குகளை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு வால்வ் அறிவிப்பு அனுப்பியது. சில மூடப்பட்டன, சில உருமாறித் தொடர்ந்தன.

மார்ச் 28-29, வியாழன், வெள்ளி

ராயல் அரீனா அரங்கில் காலிறுதிகள் நடைபெறுகின்றன. ஜி2, மவுஸ் அணிகள் மோதிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் பகுதியிலிருந்து சிலர் மேடைமீது பாய்ந்தனர். அந்தத் தள்ளுமுள்ளில் வெற்றிக் கோப்பை சேதமடைந்தது. ஸ்கின் சூதாட்டத் தளங்கள் தமக்குள் நடத்திவரும் வணிகப் பகை அரங்குக்குள் நுழைந்ததே இந்நிகழ்வின் பின்னணி. 2012-இல் உரிமமுறையைத் திறந்து, உரிமமில்லாத தளங்களை நீதிமன்றம் வழியே முடக்கிவரும் நாடு டென்மார்க். அந்நாட்டின் அரங்கிலேயே இது நிகழ்ந்தது, சட்டத்தின் கை எட்டாத பணம் அணிகளின் விளம்பர ஒப்பந்தங்கள் வழியாக எவ்வளவு ஆழமாக ஊடுருவியுள்ளது என்பதைக் காட்டுகிறது.

களத்திலும் ஒரு பாடம் உண்டு. பிப்ரவரியில் போலந்தின் கட்டோவிட்சேயில் நடந்த இறுதியாட்டத்தில் ஃபேஸ் அணியை 3-0 என்று வீழ்த்திய ஸ்பிரிட், இங்கும் பட்டத்துக்கு உரியதாக எண்ணப்பட்டது. காலிறுதியில் அதே ஃபேஸ் அதனை வெளியேற்றியது. ஸ்பிரிட்டின் நட்சத்திரமான டோங்குக்கு வயது 17. பந்தயம் கட்ட டென்மார்க் சட்டம் 18 வயதைக் கோருகிறது. அவர் ஆடும் ஆட்டங்கள்மீதோ பந்தயம் கட்டப்படுகிறது.

மார்ச் 30, சனி

அரையிறுதிகளில் ஃபேஸ் விட்டாலிட்டியையும், நாவி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாட்டஸ் வின்செரே ஜி2-வையும் வென்றன. ஆட்டம் நடக்கும்போதே கட்டப்படும் நேரலைப் பந்தயம் இத்தகைய நாட்களில் பெருகுகிறது. சுற்றுக்குச் சுற்று விகிதம் மாறுவதால், தோற்றதை அடுத்த சுற்றில் மீட்டுவிடலாம் என்ற எண்ணத்துக்கு அது இடைவெளியே விடுவதில்லை. இணைய ஒளிபரப்பு உண்மை ஆட்டத்துக்குப் பல நொடிகள் பின்தங்கியே வருகிறது. ஆட்டச் சேவையகத்திலிருந்து தரவைக் கட்டணம் செலுத்திப் பெறும் புக்கிக்கோ அந்தத் தாமதம் இல்லை. எனவே திரையில் வெடிகுண்டு வைக்கப்படுவதைப் பார்த்து விரைந்து பந்தயம் கட்டுபவர், புக்கி ஏற்கெனவே கண்டு விலை மாற்றிவிட்ட ஒன்றின்மீதே கட்டுகிறார்.

மார்ச் 31, ஞாயிறு

இறுதியாட்டம். ஏன்ஷியண்ட் களத்தை நாவி 13-9 என்று கைப்பற்ற, மிராஜில் ஃபேஸ் 13-2 என்று பதிலடி கொடுத்தது. அந்த இடைவேளையில் ஸ்கோரை மட்டும் பார்த்தவருக்கு ஃபேஸின் வெற்றி உறுதியாகத் தோன்றியிருக்கும். ஆனால் இவ்விளையாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் விளையாட்டுப் பணத்தைக் கொண்டே அடுத்த சுற்றுக்கான ஆயுதம் வாங்கப்படுகிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு 800 டாலர், ஏகே துப்பாக்கியின் விலையோ 2,700. ஆரம்பச் சுற்றுகளில் தோற்ற அணி ஆயுதமின்றித் தொடர்ந்து தோற்பதால், ஸ்கோர் வேறுபாடு திறன் வேறுபாட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. புதிய களத்தில் அந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இன்ஃபெர்னோவில் நாவி 13-10 என்று வென்று, 5,00,000 டாலரோடு பட்டத்தையும் பெற்றது. லிதுவேனியாவைச் சேர்ந்த ஜேஎல் சிறந்த வீரராகத் தேர்வானார்.

பின்குறிப்பு: 2025 ஆகஸ்ட் 22, வெள்ளி

இந்தியாவில் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் இன்று ஒப்புதல் அளித்தார். மின்விளையாட்டை முறையான விளையாட்டாக ஏற்கும் இச்சட்டம், ஆடுபவரோ பிறரோ எவரும் அதன்மீது பந்தயம் கட்டாமல் இருப்பதை அந்த ஏற்புக்கு நிபந்தனையாக்குகிறது. பணம் வைத்தாடும் விளையாட்டை வழங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. அதற்கு இரு மாதங்கள் முன்புதான், வேலரண்ட் என்னும் மற்றொரு சுடுதல் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம், அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவை உள்ளடக்கிய மண்டலத்திலும் உள்ள தன் முதல்நிலை அணிகள் பந்தய நிறுவனங்களின் விளம்பர ஆதரவைப் பெற அனுமதித்தது. ஒரு தரப்பு முற்றாக மூடும் கதவை மறுதரப்பு உரிமத்தோடு திறக்கிறது.

எவ்வழி சிறந்தது என்பதற்குக் கோபன்ஹேகன் தரும் அளவுகோல் எளியது. முழுத் தடை பந்தயத்தை உரிமமில்லாத வெளிநாட்டுத் தளங்களுக்குத் தள்ளக்கூடும். உரிமம் மட்டும் கொடுத்துவிட்டுக் கீழ்நிலைத் தொடர்களைக் கவனியாதிருந்தால் 35 பேர் பட்டியல்கள் மீண்டும் வரும். பரிசும் கண்காணிப்பும் போதாத தொடர்கள்மீது பந்தயச் சந்தை திறக்கப்படக் கூடாது என்பதே இரு வழிகளுக்கும் பொதுவான முதல் விதியாக அமைய வேண்டும். தனி மனிதருக்கோ கணக்கு இன்னும் தெளிவானது: ஆட்டத்தை எவ்வளவு ஆழமாக அறிந்தவரும் விகிதத்தில் கலந்துள்ள புக்கியின் இலாப விளிம்பை ஒவ்வொரு முறையும் செலுத்துகிறார். பார்ப்பதற்கோ அத்தகைய வரி எதுவும் இல்லை.