கடைமடைக் காணி

நாம் பெங்களூருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரயில்வேயில் கணக்கெழுதும் உத்தியோகம்; கண்டோன்மெண்ட் பக்கத்தில் வாடகை வீடு. ஊரிலே நமக்குள்ள உடைமை திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரணியத்துக்கும் இடையே ஆறு மா நன்செய். இரண்டு ஏக்கர் என்றால் இங்குள்ள அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். காவிரியின் கடைமடை அது. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதியே மதகு திறந்தாலும், நம் வாய்க்காலுக்கு நீர் என்று எட்டும் என்பதைச் சொல்வதற்கில்லை.

சென்ற கோடையில் சிற்றப்பா தொலைபேசியில் அழைத்தார். வெளியூர்க்காரர் ஒருவர் இறால் குட்டை வெட்டுவதற்கு அந்நிலத்தை ஐந்தாண்டுக் குத்தகைக்குக் கேட்கிறாராம். நெல்லில் காண்பதைப்போல் நான்கு பங்கு பணம், முன்பணமும் உண்டு. நம் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவ்வேளையில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன் மனு எழுதிக்கொண்டிருந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

“நம் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்றே, சட்டம் இடங்கொடுக்குமா?” என்று வினவினோம். நமது அறிவு செய்தித்தாள் அளவினது. ஆகவே சட்டத்தையே தேடிப் படித்தோம். மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்க 2010இல் ஒப்பந்தம் ஏற்பட்டதும், நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று அதனை எதிர்த்து 2013 டிசம்பர் 30 அன்று அப்பணியிலேயே உயிர் நீத்ததும், 2017இல் நெடுவாசல் மக்கள் திரண்டதும் நேயர்கள் அறிந்தவையே. அதன் பயனாகத் தமிழகச் சட்டமன்றம் 2020 பிப்ரவரி 20 அன்று அச்சட்டத்தை நிறைவேற்றிற்று. செம்பு, துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பாலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய் எரிவாயுக்கான புதிய அகழ்வு ஆகியன விலக்கப்பட்டன. முன்பே தோண்டிய கிணறுகளுக்கு அது தடையன்று. இறால் குட்டையோ பட்டியலிலேயே இல்லை!

ஆயினும் வேறொரு தடை இருந்தது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. 2005இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம் பதிவு பெற்றுத் தொழில் நடத்த வழிசெய்தபோதிலும், அதன் விதிகளும் விளைநிலத்தை விலக்கியே வைத்துள்ளன.

இதனைச் சிற்றப்பாவிடம் கூறினோம். “அதற்கென்ன? உப்பேறிய தரிசு என்று எழுதிக்கொள்ளலாம் என்கிறார் அவர்” என்றார். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. சற்றே கடிந்து பேசிவிட்டோம். அவர் சினக்கவில்லை.

“நீ அங்கே குழாயைத் திருகிக் காவிரியைக் குடிக்கிறாய், தம்பி. இங்கே காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நான்.”

இதற்கு நம்மிடம் விடையில்லை. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25ஆகக் குறைந்தபோது, பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. அந்நீரில்தான் நம் வீட்டு உலை கொதிக்கிறது.

விடுப்பெடுத்து ஊருக்குச் சென்றோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை அகலமாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டதனால் வண்டியிலேயே போக முடிந்தது. (நம் இலாகாவைப் புகழ வாய்ப்புக் கிடைத்தால் விடுவோமா?) அயலூரில் குட்டையை ஒட்டிய வயலொன்றைச் சிற்றப்பாவே காட்டினார். கரை வழியே உவர்நீர் கசிந்து, மண் வெண்ணிறமாய்ப் பூத்திருந்தது, நாற்று பிடிக்கவில்லையாம். நம் காணிக்குக் கீழண்டையில் ஓர் அம்மாள் ஒன்றரை மா குத்தகைக்குப் பயிரிடுகிறார். அவர் நம்மைக் கண்டதும், “குட்டை வரப்போகுதாமே, ஐயா?” என்று மட்டும் கேட்டார். நாம் தரையைப் பார்த்தோம்.

கையெழுத்திடவில்லை. முன்பணம் தருவதாகச் சொன்னவர் வேறிடம் பார்த்துக்கொண்டார். பள்ளிக் கட்டணக் கடன் மாதந்தோறும் சம்பளத்தில் பிடிபடுகிறது. அது இன்னும் பதினான்கு மாதத்துக்கு உண்டு. சிற்றப்பா புரட்டாசியில் சம்பா நட்டார். கடைசி நனைப்புக்கு நீர் போதாமல் ஒரு பகுதி பதராயிற்று. மாசியில் ஒரு மூட்டை அரிசி அனுப்பிவைத்தார். அதற்குரிய சரக்குக் கூலியை மட்டும் நம் பேரில் எழுதிவிட்டார்.