கராஜ் கதவும் ஏழரை முறுக்கும்

அமெரிக்காவில் தனி வீட்டில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரம். கராஜ் பக்கம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பட்டனை அமுக்கினால் மட்டும் மோட்டார் முனகும், கதவு அரை அடி எழும்பி நின்றுவிடும். கார் உள்ளே, ஆபீஸ் வெளியே! அண்ணாந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். கதவுக்கு மேலே இருக்கும் கம்பிச்சுருள் இரண்டு துண்டாகி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டு கார் நிறுத்தும் கராஜின் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். எடை 60 கிலோவிலிருந்து 100 கிலோ வரைகூட இருக்கும். அந்த எடையைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டார் சும்மா கூடவே தள்ளிக்கொண்டு வரும், அவ்வளவுதான். நம் ஊர் மளிகைக்கடை ஷட்டரும் இதே கதைதான். மேலே பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அண்ணாச்சி ஒரு கையால் தூக்கிய ஷட்டருக்கு இரண்டு ஆள் வேண்டும்.

சரி, புது ஸ்பிரிங் வாங்க வேண்டும். கடையில் என்ன கேட்பது? "16 அடிக் கதவுக்கு ஒரு ஸ்பிரிங்" என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. ஒரே அளவுக் கதவு தகரமாக இருந்தால் ஒரு எடை, மரமாக இருந்தால் வேறு எடை. பழைய ஸ்பிரிங்கைத்தான் அளக்க வேண்டும். கம்பியின் தடிமன், சுருளின் உள்விட்டம், நீளம், எந்தப் பக்கம் சுற்றியது என்ற நான்கும் தெரியாமல் ஆர்டர் செய்யக்கூடாது. கதவை நோக்கி உள்ளே நின்று பார்த்தால் இடப்பக்கம் இருப்பது பெரும்பாலும் வலச்சுற்று, வலப்பக்கம் இருப்பது இடச்சுற்று. மாற்றி வாங்கினால் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில்.

இதில் தடிமன்தான் வில்லன். ஒற்றைக் கம்பியை டேப் வைத்து அளந்தால் தப்பு வரும். அதனால் 20 வளையங்களைச் சேர்த்து அளந்து 20ஆல் வகுப்பார்கள். நாலரை அங்குலம் வந்தால் கம்பி 0.225 அங்குலம். அதற்கு முந்தைய சைஸ் 0.218. வித்தியாசம் 0.007 அங்குலம், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கா இவ்வளவு அலட்டல் என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங்கின் பலம் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் இந்தத் துளி வித்தியாசமே பலத்தை 13 சதவீதம் மாற்றிவிடும்! "கொஞ்சம் தடியாகப் போட்டால் நல்லதுதானே" என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். தடித்த கம்பி வேண்டுமானால் சுருளின் நீளமும் சேர்ந்து கூட வேண்டும். அப்படிப் போட்டால் பலம் அதேதான், ஆயுள் அதிகம்.

ஆயுள் என்றதும் காமர்ஸ்காரர்களுக்குப் பிடித்த இடம் வந்துவிட்டது. சாதாரண ஸ்பிரிங்குக்கு ஆயுள் வருஷத்தில் இல்லை, தடவையில். சுமார் 10,000 முறை திறந்து மூடலாம். ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் வருஷத்துக்கு 1,460; ஏழு வருஷத்துக்குள் முடிந்தது. காலேஜ் போகும் பிள்ளைகள் இருந்து எட்டு முறை ஆனால் மூன்றரை வருஷம்கூட வராது. 25,000 முறை தாங்கும் ஸ்பிரிங்கும் உண்டு. அது ஒன்றரை மடங்கு விலை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆயுள் இரண்டரை மடங்கு. அதோடு அங்கே பொருளைவிடக் கூலிதான் பெரும்பாலும் பெரிது. ஆள் ஒரு முறை குறைவாக வந்தாலே லாபம். (இரண்டு வருஷத்தில் வீட்டை விற்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு 10,000 போதும்.)

"ஆயுட்கால வாரண்டி" என்று போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். பல வாரண்டிகளில் ஸ்பிரிங் மட்டும் இலவசம், மாட்டும் கூலி ஒவ்வொரு முறையும் தனி. அடிக்கடி உடையும் ஸ்பிரிங்கை இலவசமாகக் கொடுப்பதில் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்! இரண்டு ஸ்பிரிங் இருந்து ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றச் சொல்வதில் மட்டும் ஏமாற்று இல்லை. மற்றதும் அதே எண்ணிக்கை உழைத்த ஆள்தான், சீக்கிரமே பின்னால் வரும்.

மாட்டுவதை நாமே செய்யலாமா? 7 அடிக் கதவுக்கு வழக்கமாக ஏழரை முறுக்கு. சனி பகவான் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஒரு ஆள் எடைக்குக் குறையாத கதவைத் தூக்கும் விசை முழுவதும் கையில் பிடித்திருக்கும் கம்பியில் இருக்கிறது. அதற்கென்றே இருக்கும் இரும்புத்தண்டுக்குப் பதில் ஸ்குரூ டிரைவரைச் செருகி, அது நழுவி, விரலும் பல்லும் போனவர்கள் உண்டு. ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க இது ரொம்ப அதிக விலை. அளப்பதும் கணக்குப் போடுவதும் வீட்டுக்காரர் வேலை, முறுக்குவது தெரிந்தவர் வேலை.

அவர் முடித்தபின் பணம் கொடுக்குமுன் ஒன்று செய்யச் சொல்லலாம். மூடிய கதவிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் இடுப்பு உயரம் தூக்கி விடச் சொல்லுங்கள். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே இறங்கினால் பலம் போதவில்லை, தானாக மேலே ஓடினால் அதிகம். இரண்டில் எது நடந்தாலும் பர்ஸை இன்னும் திறக்காதீர்கள்.